குப்பத்துப் பெண் நர்ஸாகத் திரும்பி வர

வடசென்னை: ஊரும் உடம்பும் – 11

2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, தொண்டை கமறி எழுந்தார்கள். பெரியகுப்பம், சின்னகுப்பம் சுற்றுவட்டாரத்தில் ஜனங்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பிரதான சாலைக்கு ஓடினார்கள். கிடைத்த பைக்கில், ஆட்டோவில் ஏறி, எந்தப் பக்கம் போனால் மூச்சு விடலாம் என்று தெரியாமலே போனார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

அமோனியா ஈரத்தில் கரையும் வாயு. அதனால்தான் முதலில் கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் பிடிக்கிறது. கண்ணைக் குறைந்தது பதினைந்து நிமிடமாவது நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும். ஏற்கெனவே இழுப்பு உள்ளவர்களை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். இதற்கெல்லாம் பெரிய டாக்டர் வர வேண்டியதில்லை. எந்த வீட்டில் இழுப்புக்காரர் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதப் பெண், எந்த வீட்டுப் பாட்டி படுக்கையை விட்டு எழ மாட்டாள் என்று தெரிந்த ஒருவர் அந்த நடுச்சாமத்தில் அந்தக் கரையிலேயே இருக்க வேண்டும். இந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் முழுசாக இருக்காது. பத்து வருடம் அதே தெருக்களில் நடந்த நர்ஸ் ஒருத்தியின் மனசில் இருக்கும்.

அந்தப் பத்து வருடத்தைப் பற்றித்தான் இந்த வாரம். நர்ஸ் ஒருவரை எப்படித் தயார் செய்வது, தயார் செய்தவரை எப்படி அங்கேயே தங்க வைப்பது?

எண்ணூரின் நெட்டுக்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவ ஊர். கடலுக்குள் நீண்டு கிடக்கும் பழைய பாலத்தைப் படமெடுக்க விடியற்காலையில் கேமராவோடு வருகிறவர்களுக்கு அது சூரிய உதயம் பார்க்கும் இடம். அங்கே வாழ்கிறவர்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இங்கே ஓடியது. அது நின்ற பிறகும் வடசென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் அனல் மின் நிலையமும் இருக்கின்றன. ஆற்றுக்குள் சாம்பல் படிந்து மீன்பாடு கெட்டுப்போன கதையை இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளில் பார்த்தோம். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில், அமோனியா கசிவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டு முறையும் அதை அள்ளியவர்களில் மீனவர்கள் உண்டு. வாளியும் வெறுங்கையுமாக அவர்கள் தண்ணீரில் நின்ற படங்களை எல்லோரும் பார்த்தோம்.

இவ்வளவு பாரம் தாங்கும் கரைக்கு எத்தனை நர்ஸ் வேண்டும்? அரசாங்கத்தின் அளவுகோல் இதை ஆள் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறது. கிராமம் என்றால் சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். அவர் அங்கேயே தங்குவதற்குக் கட்டடத்தோடு சேர்ந்த குடியிருப்பும் பல ஊர்களில் உண்டு. நகரம் என்றால் 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் கணக்கு: 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், களத்தில் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒரு நகர்ப்புற சுகாதார செவிலியர். நகரத்தில் தெருவுக்குத் தெரு டாக்டர் இருப்பார், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. மயிலாப்பூருக்கும் அண்ணாநகருக்கும் சரியாக இருக்கலாம்.

2011-இல் கத்திவாக்கம் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அன்றிலிருந்து நெட்டுக்குப்பம் தாளில் பெருநகரம். ஆனால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி அங்கிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நாளில் பதினைந்து கிலோமீட்டர் என்பது அரை நாள். கிராமத்துக்குக் கிடைக்கும் செவிலியரும் இல்லை, நகரத்துக்குக் கிடைக்கும் டாக்டர்களும் இல்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கும் ஊர்கள் எண்ணூரிலிருந்து காசிமேடு வரை கரை நெடுக இருக்கின்றன.

இங்கே களத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தது. மாத்திரை வாங்க ஒருநாள் கூலியை விட வேண்டியதில்லை என்பது மீன் விற்கும் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு காலை நின்று பார்த்தால் புரியும். சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள்தான் இதைத் தூக்கிச் சுமக்கிறார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு மாதம் 4,500 ரூபாய். ஐக்கிய நாடுகள் சபையின் விருது 2024-இல் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தபோது நான் முதலில் நினைத்தது அந்தப் பெண்களைத்தான். ஆனால் தன்னார்வலரால் பிரஷரை அளக்க முடியும், ஏற்கெனவே எழுதிய மாத்திரையைக் கொடுக்க முடியும். அதற்கு மேலே ஒரு படி இருக்கிறது. அந்தப் படியில்தான் ஆள் இல்லை.

கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவரின் பாதத்தைப் பார்த்தால் அந்தப் படி எது என்று தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்கும் கால். அடியில் சேறு, சேற்றுக்குள் கிளிஞ்சல். சுகர் வந்து பல வருடம் ஆனவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். கிளிஞ்சல் கிழித்தது தெரியாது. இரண்டு நாள் கழித்து வீக்கம் கண்டபிறகுதான் தெரியும். நன்றாகப் பயின்ற நர்ஸ் அந்தக் காலை மடியில் வைத்துப் பார்க்கும் விதமே வேறு. விரல் இடுக்குகளை விரித்துப் பார்ப்பார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, "தெரியுதாண்ணே?" என்று கேட்பார். பாதத்தின் மேல்பக்கம் நாடி ஓடுகிறதா என்று இரண்டு விரலால் தேடுவார். புறங்கையை வைத்து ஒரு காலின் சூட்டை மற்றொரு காலோடு ஒப்பிடுவார். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தின் முடிவில், இது கழுவிக் கட்டு போட்டு, ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து நாலு நாளில் மறுபடி பார்க்க வேண்டிய புண்ணா, இல்லை இன்றைக்கே ஸ்டான்லிக்கு அனுப்ப வேண்டிய புண்ணா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்து என்ன செய்ய? குப்பத்தில் எந்த வாரமும் கேட்கக்கூடிய பேச்சு இது:

"நாளைக்குப் பாடு இருக்கும்மா. ஸ்டான்லிக்குப் போனா பொழுது போயிரும். நீயே எதனா மாத்திரை எழுதிக் குடேன்."

"நான் எழுதக் கூடாதுண்ணே. டாக்டரைப் பாத்துருங்க."

அவர் பார்க்க மாட்டார். பாடு முடிந்து, அடுத்த பாடும் முடிந்து, கால் கறுத்தபிறகு போவார். அப்போது விரலை எடுக்க வேண்டியிருக்கும். அந்த நர்ஸுக்குத் தெரிந்த வேலையைச் செய்ய உரிமை இருந்திருந்தால் அந்த விரல் இருந்திருக்கும்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் இந்த உரிமையும் அதற்கான பயிற்சியும் பெற்ற நர்ஸ். பொதுவான நோய்களைத் தானே கண்டறிவார், வரையறைக்குள் மருந்து எழுதுவார், பரிசோதனைக்கு அனுப்புவார், தன் எல்லைக்கு மேல் போனதும் டாக்டரிடம் ஒப்படைப்பார். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965-இல் லொரெட்டா ஃபோர்டு என்ற பொது சுகாதார நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இதைத் தொடங்கினார்கள். டாக்டர் எட்டிப்பார்க்காத கிராமங்களில் குழந்தைகளை யார் பார்ப்பது என்ற கேள்வியிலிருந்து பிறந்த யோசனை. ஃபோர்டு 2025 ஜனவரியில் தம் 104-ஆவது வயதில் காலமானார்.

இந்தியாவில் இது வந்து சேர்ந்த பாதையைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை, எங்கே தேவை அதிகமோ அங்கே கிடைப்பதற்காக நர்ஸ் பிராக்டிஷனர்களை உருவாக்க வேண்டும் என்று எழுதியது. ஆனால் அதற்குச் சற்று முன்பு இந்திய நர்ஸிங் கவுன்சில் கொண்டுவந்த முதல் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கானது. இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. வென்டிலேட்டர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கே அது பயன்படும். அதற்கடுத்து 2018 டிசம்பரில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனருக்கான வழிகாட்டுதல் வந்தது, 18 மாதப் பயிற்சியோடு. கொலராடோவில் எந்தக் கேள்விக்காக இது பிறந்ததோ, அந்தக் கேள்வி நம்மிடம் பின்வரிசைக்குப் போய்விட்டது.

அதற்குப் பதிலாகக் கிடைத்தது, 2018-இல் ஆயுஷ்மான் பாரத் நலவாழ்வு மையங்களோடு வந்த இடைநிலை சுகாதாரப் பணியாளர். நர்ஸிங் முடித்தவருக்கு ஆறு மாத இணைப்புப் படிப்பு, அதன்பிறகு துணை சுகாதார நிலையத்தில் பொறுப்பு. 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் தர இடம் வைத்தபோது மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஏழைக்கு அரைகுறை மருத்துவமா என்ற அவர்களுடைய கேள்வியை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அந்தக் கேள்வி சரிதான். ஆறு மாதப் படிப்பு, எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தொடரப் போதும். எண்ணூரின் நுரையீரலைப் புரிந்துகொள்ளப் போதாது. அப்படியென்றால் செய்ய வேண்டியது படிப்பை முழுமையாக்குவது. ஆளே இல்லாமல் விடுவது அதற்குத் தீர்வாகாது. இன்றைக்கு அந்த இடத்தில் மருந்துக்கடைக்காரர் கொடுக்கும் ரெண்டு கலர் மாத்திரைதான் மருத்துவம்.

முழுமையான படிப்பு என்றால் அந்தக் கரைக்கு ஏற்ற படிப்பு. மூச்சளவைக் கருவியை ஊதச் சொல்லி, இது சிகரெட் பிடித்த நுரையீரலா, சாம்பல் குடித்த நுரையீரலா, இரண்டுமா என்று யோசிக்கத் தெரிய வேண்டும். எண்ணெய் பட்டுக் கையில் வெடித்த தோலை வேறு அரிப்புகளிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் விஷத்தின் வீரியமும் வலியும் குறையும். இது கடற்கரைக்காரர்கள் பலருக்கும் தெரியும். முள் உள்ளே முறிந்து நின்றிருக்கிறதா என்று பார்ப்பதும், தண்ணீரில் மூழ்கி மீட்கப்பட்டவருக்கு முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதும் நர்ஸுக்குத் தெரிய வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஸ்டான்லியும் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் இதே வடசென்னையில் இருக்கின்றன. வேறெங்கும் போக வேண்டியதில்லை.

நர்ஸை நம்பிப் பொறுப்பைக் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு, இரவும் பகலும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். இரவில் பூட்டிக் கிடந்த கட்டடங்களில் விளக்கு எரிந்தது. சாதாரணப் பிரசவத்தை நர்ஸ் பார்த்தார், சிக்கல் என்றால் டாக்டருக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் போட்டார். இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிறது. 2018-20 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் மரணம் 54. பல கைகள் சேர்ந்து கொண்டுவந்த எண் அது. அவற்றில் நைட் டியூட்டி நர்ஸின் கை முக்கியமானது. பிரசவத்தில் நம்பிய அதே கையைப் பிரஷரிலும் சுகரிலும் மூச்சுத் திணறலிலும் ஏன் நம்பக் கூடாது?

இனி தங்க வைப்பது. இங்கேதான் நாம் தோற்கிறோம், அதுவும் தெரிந்தே.

2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைந்தது. 2015-இல் அது தேர்வு வைத்து ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸ்களை எடுத்தது. தேர்வு எழுதி, தரவரிசையில் வந்து, அரசு வேலை என்று இனிப்பு கொடுத்துக் கொண்டாடியவர்களுக்குக் கிடைத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பிக் காத்திருந்தார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஆயிரக்கணக்கானோர் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. அதன்பிறகு ஊதியம் 14,000 ஆனது. 2020-இல் கொரோனா வந்தபோது ஆயிரக்கணக்கில் நர்ஸ்களைத் தற்காலிகமாக எடுத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 2,400 பேருக்கு 2022 டிசம்பர் 31-ஓடு வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். கவச உடைக்குள் வேர்த்து நின்றவர்களுக்குப் புத்தாண்டு அப்படி விடிந்தது. 2021 இறுதியில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் இடங்கள் 4,848 அறிவிக்கப்பட்டபோதும் அதே 14,000, அதே ஒப்பந்தம்.

பதினொரு மாத ஒப்பந்தத்தில், கிடைக்கும் சம்பளத்தில் வாடகை கொடுத்து எண்ணூரில் யார் குடியேறுவார்? குடியேறினாலும் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்? தென் மாவட்டத்திலிருந்து வந்த நர்ஸ் முதல் நாளிலிருந்தே கவுன்சிலிங்கில் சொந்த ஊருக்கு எப்போது இடமாறுதல் கிடைக்கும் என்று நாள் எண்ணுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொந்த ஊரில் அம்மா இருக்கிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். இங்கே காற்றுகூடச் சரியில்லை. கிராமத்திலும் மலையிலும் வேலை பார்க்கும் அரசு டாக்டருக்கு முதுநிலைப் படிப்பில் 50 சதவீத இட ஒதுக்கீடும் கடினமான இடங்களில் பணியாற்றியதற்குக் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. நர்ஸ் ஏற அந்த அளவுக்கு வலுவான ஏணி எதுவும் இல்லை. இருபத்தைந்து வயதில் சேர்ந்த வேலையில் நாற்பது வயதிலும் அதே மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவராகவே இருக்க வேண்டும் என்றால், மூளையுள்ள பெண் எவளும் வேறு வழி தேடத்தான் செய்வாள்.

வேறு வழி இருக்கிறது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நர்ஸ்களை அனுப்புகிறது. ஜெர்மன் கற்றுக்கொண்டு கிளம்புகிறார்கள். உலகத்தில் 58 லட்சம் நர்ஸ்கள் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2025 அறிக்கையில் கணக்குச் சொல்கிறது. பணக்கார நாடுகள் அந்தப் பள்ளத்தை நம் பெண்களைக் கொண்டு நிரப்புகின்றன. போகிறவர்கள் போகட்டும், அவர்கள் உழைப்புக்கு உரிய விலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவது அவர்கள் உரிமை. என் கேள்வி போகாதவர்களைப் பற்றியது: யார் போக மாட்டார்கள்?

தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே சிட்லிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. காந்திகிராமத்தில் வேலை பார்த்த டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் அங்கே போய் ஒரு கூரைக் கொட்டகையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. பட்டணத்திலிருந்து எந்த நர்ஸும் அங்கே வந்து தங்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பள்ளத்தாக்கிலேயே பிறந்த மலைவாழ் பெண்களை எடுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதிகம் படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெண்கள். அவர்கள் பிரசவம் பார்க்கவும், நோயைக் கண்டறியவும், அறுவைக் கூடத்தில் நிற்கவும் கற்றுக்கொண்டார்கள். ஊர் ஊராக மூத்த பெண்களையும் தேர்ந்தெடுத்து சுகாதார உதவியாளராக்கினார்கள். குழந்தை இறப்பு வருடத்துக்கு வருடம் இறங்கி இருபதுக்குப் பக்கத்தில் வந்தது.

கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையிலும் இதே கதைதான். பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் சமூகத்துப் பெண்களை நர்ஸாகப் பயிற்றுவித்தார்கள். வெள்ளை உடையில் நிற்பவள் தன் மொழி பேசுகிறாள் என்றால் நோயாளி பயப்படுவதில்லை. அவளுக்கும் ஊரை விட்டுப் போகத் தோன்றுவதில்லை, ஏனென்றால் அவள் வேலைக்கு வந்த ஊர் வேறு, வீடு வேறு என்று இல்லை. தாய்லாந்து இதையே நாட்டளவில் செய்தது. மாகாணத்துப் பெண்ணை அந்த மாகாண நர்ஸிங் கல்லூரியில் படிக்க வைத்து, அவள் ஊருக்கே பணியமர்த்தியது. அனுபவமுள்ள நர்ஸ்களுக்கு நான்கு மாதக் கூடுதல் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்தில் வைத்தியம் பார்க்கும் உரிமையும் கொடுத்தது. இலங்கையில் 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில் குடும்ப நல உத்தியோகத்தருக்கு ஒரு பகுதி சொந்தம். அவர் அந்தப் பகுதிக்குள்ளேயே இருந்து வேலை பார்க்கிறவர். எந்தக் கர்ப்பிணியும் அவர் கணக்கிலிருந்து தவறுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2010-இலும் 2021-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் முதலில் வருவதும் இதுதான்: அந்த மண்ணிலிருந்து மாணவரைத் தேர்ந்தெடு, அந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே படிக்க வை.

நெட்டுக்குப்பத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். குப்பத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ வரை படிக்கிறார்கள். அவர்களில் உயிரியல் எடுத்த பெண்கள் உண்டு. ஸ்டான்லியில் அரசு நர்ஸிங் பள்ளி இருக்கிறது. ஆனால் கட்-ஆஃப் என்று வரும்போது, காற்று கெட்டு, வெள்ளம் புகுந்து, பாடு இல்லாத மாதங்களில் ஃபீஸ் கட்ட முடியாமல் டியூஷன் இல்லாமல் படித்த பெண்ணின் மதிப்பெண்ணும், நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்த பெண்ணின் மதிப்பெண்ணும் ஒரே தராசில் வைக்கப்படுகின்றன. அவளுக்குக் கிடைப்பது கடன் வாங்கிச் சேரும் தனியார் கல்லூரி, அல்லது ஏற்றுமதிக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மீனவ இளைஞர்களை ஊர்க்காவல் படையில் சேர்த்துக்கொள்கிறது. கடலையும் கரையையும் அறிந்தவன் அவன்தான் என்று அங்கே அரசுக்குத் தெரிந்திருக்கிறது. அதே அறிவு அவன் தங்கைக்கும் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் தொடங்கி காசிமேடு வரையுள்ள மீனவப் பகுதிகளிலிருந்து வருடத்துக்குப் பத்துப் பெண்களுக்கு ஸ்டான்லி நர்ஸிங் பள்ளியில் இடம் ஒதுக்க வேண்டும். படிக்கும்போதே வாரத்தில் ஒருநாள் அவர்கள் தங்கள் குப்பத்தில் வேலை பார்க்க வேண்டும், மூத்த நர்ஸின் மேற்பார்வையில். முடித்தவுடன் அதே கரையில் நிரந்தரப் பணி, ஒப்பந்தம் கிடையாது. மூன்று வருடம் களத்தில் நின்றவருக்குச் சம்பளத்தோடு நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி. அதை முடித்தால் பிரஷர், சுகர், இழுப்பு, காயம் இவற்றுக்கு எழுதப்பட்ட நெறிமுறைப்படி மருந்து தொடங்கும் உரிமை, எப்போதும் போனில் கிடைக்கும் ஸ்டான்லி டாக்டர் ஒருவர், சட்டப் பாதுகாப்பு, சம்பளத்தில் தெளிவான ஏற்றம். பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக் கட்டிப் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. பத்திரம் முடிந்த மறுநாள் கிளம்பிப் போவார்கள். தன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நிரந்தர வேலையும், அதில் வளர வழியும், அக்கம்பக்கத்தில் மரியாதையும் இருந்தால் பெரும்பாலோர் தங்குவார்கள்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். இந்தக் கரையில் துறைமுகங்கள், மின் நிலையங்கள், எண்ணெய், உர ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய கடமை அவற்றில் பலவற்றுக்கு உண்டு. மருத்துவ முகாம் என்று பந்தல் போட்டு, ஒருநாள் பி.பி. பார்த்து, பேனர் கட்டிப் படமெடுத்துக்கொண்டு போவதற்கு அந்தப் பணம் போகிறது. முகாம் முடிந்த மறுநாள் பிரஷர் 180 இருந்தவரை யார் பார்ப்பது? பத்துப் பெண்களின் படிப்புச் செலவும் விடுதிச் செலவும் அந்தப் பந்தல்களின் செலவில் அடங்கிவிடும். ஆனால் சம்பளத்தை அரசுதான் தர வேண்டும். தன் மூச்சைக் கெடுத்த ஆலையிடமே சம்பளம் வாங்கும் நர்ஸ், அந்த ஆலையைப் பற்றிய உண்மையைப் பதிவேட்டில் எழுத முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குப்பத்துப் பெண் அதே குப்பத்தில் நர்ஸாக இருப்பதில் சிரமங்களும் உண்டு. நடுராத்திரியில் கதவைத் தட்டுவார்கள். உறவுக்காரர்கள் உரிமை எடுத்துக்கொள்வார்கள். ஒரு வீட்டு ரகசியம் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுமோ என்று சில பெண்கள், குறிப்பாகக் கல்யாணமாகாத பெண்கள், அவளிடம் வரத் தயங்குவார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் இரண்டு கட்சி என்றால் அவளையும் ஒரு கட்சிக்காரியாகப் பார்ப்பார்கள். சிட்லிங்கியிலும் கூடலூரிலும் ஒரு பெண்ணைத் தனியாக விடாமல் குழுவாக வைத்ததற்கு அர்த்தம் இருக்கிறது. ஒரு குப்பத்துப் பெண் பக்கத்துக் குப்பத்திலும் பார்க்கலாம், நெட்டுக்குப்பத்துக்காரி தாழங்குப்பத்தையும் தாழங்குப்பத்துக்காரி நெட்டுக்குப்பத்தையும். நைட் டியூட்டிக்கு முறை வைக்கலாம். ரகசியம் காப்பதைப் படிப்பின் முதல் வருடத்திலிருந்தே கறாராகப் பழக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே, கதவும் திரையும் உள்ள ஓர் அறை அவளுக்கு வேண்டும், தரையில் பாய் போட்டு முகாம் நடத்துவது போதாது. 2023 ஜூன் 6 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. அதைச் செய்ய முடிந்த அரசுக்கு, இந்தக் கரையில் குப்பத்துக்கு ஓர் அறை கட்டுவது முடியாத காரியமில்லை.

பிளஸ் டூ முடிவுகள் மே மாதம் வரும். நர்ஸிங் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பம் அதன்பிறகு தொடங்கும். மாநகராட்சியும் மருத்துவக் கல்வி இயக்குநரகமும் நினைத்தால் அதற்குள் ஓர் ஆணை போட முடியும்.

(தொடரும்)